லென்ஸ் பழுதா, கைப்பழக்கமா? ஒரு 24-70இன் கதை

திருச்சியில் கேமராவும் லென்ஸும் பழுதுபார்ப்பது என் தொழில். பெரம்பலூர்ப் பக்கம் கல்யாண போட்டோ எடுக்கும் தம்பி ஒருவர், ஆவணி முகூர்த்தங்கள் முடிந்த கையோடு கடைக்கு வந்தார். பையிலிருந்து 24 மி.மீ. அகலக் காட்சியிலிருந்து 70 மி.மீ. நெருக்கம் வரை மாற்றிக்கொள்ளும் ஒரு 24-70 ஜூம் லென்ஸை எடுத்து மேசையில் வைத்தார். "அண்ணே, இது டிஃபெக்ட் பீஸ்ணே. 2.8ல வச்சா முகம் ஷார்ப்பாவே விழ மாட்டேங்குது." 2.8 என்பது அப்பர்ச்சர், ஒளி நுழையும் துளையின் அளவு. எண் சின்னதானால் துளை பெரிது.

செகண்ட்ஹேண்டில் வாங்கி ஒன்றரை வருடம் ஆகிறதாம். ஏற்கெனவே ஒரு சர்வீஸ் சென்டருக்கு அனுப்பிப் பணமும் கட்டியிருக்கிறார். 'குறை எதுவும் இல்லை' என்ற ஜாப் கார்டோடு அது திரும்பி வந்திருக்கிறது. பார்க்காமலே அனுப்பிவிட்டார்கள் என்பது அவர் கோபம்.

முடிவை இப்போதே சொல்லிவிடுகிறேன். அவர் சொன்ன குறை லென்ஸில் இல்லை. அவர் சொல்லாத இன்னொரு குறை இருந்தது.

முதலில் படங்கள்

லென்ஸைத் தொடுவதற்கு முன் படங்களைக் கேட்டேன். வாட்ஸ்அப்பில் காட்ட வந்தார், வேண்டாம் என்றேன். அதில் வரும் படம் சுருங்கி, நசுங்கி வந்தது. அதை வைத்து லென்ஸைக் குறை சொல்வது, ஜெராக்ஸைப் பார்த்துக் கையெழுத்து சரியில்லை என்பது போல. கேமராவிலிருந்து இறக்கிய அசல் ஃபைல்கள் வேண்டும். ஷட்டர் ஸ்பீடு (ஷட்டர் திறந்திருந்த நேரம்), அப்பர்ச்சர், ஐஎஸ்ஓ (ஒளிக்குக் கேமரா காட்டும் உணர்திறன்), எத்தனை மில்லிமீட்டரில் எடுத்தது என்று எல்லாம் அதற்குள்ளேயே பதிவாகியிருக்கும். மறுநாள் இரண்டு கல்யாணங்களின் ஹார்டு டிஸ்க்கைக் கொண்டுவந்தார். 'மோசம்' என்று அவரே ஒரு ஃபோல்டரில் நாற்பது படம் பிரித்து வைத்திருந்தார்.

முதல் படம் பெண்ணின் முகம், 70 மி.மீ., 2.8. முழு அளவுக்குப் பெரிதாக்கினால் கண் இமைகள் கலங்கித்தான் இருந்தன. இப்படிப் பெரிதாக்கிப் பார்ப்பதிலேயே ஒரு சிக்கல் உண்டு. 24 மெகாபிக்சல் படத்தைச் சாதாரண கம்ப்யூட்டர் திரையில் நூறு சதவீதத்துக்கு விரித்தால், அது ஐந்தடி அகலப் பிரின்டை ஒன்றரை அடி தூரத்தில் நின்று பார்ப்பது போல. 12க்கு 36 அங்குல ஆல்பத்தில் இந்தக் கலங்கலில் பாதி கண்ணுக்கே தெரியாது. இருந்தாலும் தம்பியின் புகார் பொய்யில்லை. அந்தக் கண் ஆல்பத்திலும் மங்கலாகத்தான் விழும்.

நான் கண்ணைப் பார்க்கவில்லை, மூக்குத்தியைப் பார்த்தேன். ஒரு படம் ஏன் ஷார்ப்பாக இல்லை என்பதை அதில் இருக்கும் சின்ன ஒளிப்புள்ளி போல வேறு எதுவும் தெளிவாகச் சொல்லாது. கல்யாண போட்டோகிராபர் கொடுத்துவைத்தவர். மூக்குத்திக் கல், நெற்றிச்சுட்டி முத்து, குத்துவிளக்கின் பளபளப்பு என்று ஒவ்வொரு படத்திலும் பத்துப் புள்ளி இலவசமாகக் கிடைக்கும். ஃபோகஸ் தப்பியிருந்தால் அந்தப் புள்ளி வட்டமாக ஊதியிருக்கும். கை ஆடியிருந்தால் எல்லாப் புள்ளியும் ஒரே திசையில் சின்னக் கோடாக இழுபட்டிருக்கும். ஆள் அசைந்திருந்தால் மூக்குத்தி மட்டும் கோடாகும், பின்னால் நிற்கும் தூண் கூர்மையாக இருக்கும். கண்ணாடியில் படலம் பிடித்திருந்தால் புள்ளி புள்ளியாகவே இருக்கும், ஆனால் அதைச் சுற்றிப் பனிக்காலத்துத் தெருவிளக்கு மாதிரி ஓர் ஒளிவட்டம் சூழும். லென்ஸுக்குள் ஏதாவது எலிமென்ட், அதாவது உள்கண்ணாடி, இடம் பெயர்ந்திருந்தால் புள்ளிக்கு ஒரு பக்கம் மட்டும் வால் முளைக்கும்.

அந்த முதல் படத்தில் மூக்குத்தி ஒரு கோடு. நெற்றிச்சுட்டியும் கோடு, பின்னால் இருந்த சீரியல் லைட்டுகளும் கோடு, எல்லாம் ஒரே சாய்வில். ஷட்டர் ஸ்பீடு 1/60 நொடி.

நாற்பதையும் இப்படியே ஓட்டினேன். பாதிக்கு மேல் 1/60, 1/80. காரணத்தைக் கேட்டதும் கிடைத்தது. ஐஎஸ்ஓ 1600க்கு மேல் போனால் கிரெய்ன் (பொடிப் புள்ளிகள்) விழும் என்று தொழில் கற்றுக்கொண்ட இடத்தில் சொல்லியிருக்கிறார்கள். அதனால் ஆட்டோ ஐஎஸ்ஓவின் உச்சத்தை 1600இல் கட்டிவைத்திருக்கிறார். மண்டபத்தில் வெளிச்சம் குறையும்போது கேமராவுக்கு வேறு வழி இல்லை, ஷட்டர் ஸ்பீடைக் குறைக்கிறது. இந்த லென்ஸில் ஆட்டத்தைத் தாங்கும் வசதியும் கிடையாது. 70 மி.மீ. என்றால் 1/70 போதும் என்பது ஃபிலிம் காலத்துக் கணக்கு. இன்றைய 24 மெகாபிக்சலைப் பெரிதாக்கிப் பார்ப்பவருக்கு அதில் இரண்டு மடங்கு வேகமாவது வேண்டும். மணமேடையில் யாரும் சிலையாக உட்கார்ந்திருப்பதும் இல்லை. கிரெய்னோடு ஷார்ப்பாக விழுந்த படத்தைச் சரிசெய்ய மென்பொருள் இருக்கிறது. ஆடிய படத்தைக் காப்பாற்ற ஒன்றும் இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம்.

கோடு விழாத மீதிப் படங்கள்தான் சுவாரசியம். அவற்றில் ஷட்டர் 1/200, 1/250. வீடியோக்காரரின் லைட் அடித்த நேரம் போல. ஆடவில்லை, ஆனாலும் கண் மங்கல், மூக்குத்தி வட்டமாக ஊதியிருந்தது. ஒரே நொடியில் தொடர்ந்து எடுத்த மூன்று படங்களை அருகருகே போட்டேன். முதல் படத்தில் மாலையில் இருந்த ரோஜா இதழின் விளிம்பில் நரம்புகூடத் தெரிகிறது. இரண்டாவதில் ரோஜா கரைந்துவிட்டது, காதில் ஜிமிக்கியின் மணிகளை எண்ணலாம். மூன்றாவதில் கண், ஒவ்வொரு இமை முடியும் தனித்தனியாக.

தம்பியிடம் மூன்றாவதைக் காட்டினேன். "இதே லென்ஸ்தானே?"

"ஆமாண்ணே."

"இதே 2.8தானே?"

பதில் இல்லை.

கெட்டுப்போன லென்ஸ் ஒரே மாதிரிதான் கெடுக்கும். முன்னால் ஃபோகஸ் விழும் குறை இருந்தால் எப்போதும் முன்னால்தான் விழும். ஒரு முறை மாலையில், ஒரு முறை காதில், ஒரு முறை சரியாகக் கண்ணில் என்று அலையாது. அலைகிறது என்றால் ஃபோகஸ் எங்கே வேண்டும் என்று யாரும் கேமராவுக்குச் சொல்லவில்லை என்று பொருள். கேமரா பாடியை வாங்கிப் பார்த்தேன். ஃபோகஸ் புள்ளியைக் கேமராவே தேர்ந்துகொள்ளும் ஆட்டோ ஏரியாவில் இருந்தது. அது பழைய டிஎஸ்எல்ஆர், நாம் கண் வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டர் வழியே, எதிரில் இருப்பவரின் கண்ணைத் தேடிப் பிடிக்கத் தெரியாதது. எது பக்கத்தில் இருக்கிறதோ, எதில் கோடும் நிறமும் பளிச்சென்று இருக்கிறதோ அதில் போய் ஒட்டிக்கொள்ளும். ரோஜா மாலையை விடப் பளிச்சென்று கல்யாணத்தில் வேறு என்ன இருக்கிறது? 70 மி.மீ., 2.8, ஒன்றரை மீட்டர் தூரம் என்றால் முன்னும் பின்னும் சேர்த்து ஏழெட்டு சென்டிமீட்டர்தான் ஷார்ப்பாக நிற்கும். மாலைக்கும் காதுக்கும் நடுவில் அதைப் போல இரண்டு மடங்கு இருக்கும்.

சந்தேகம் தீர ஃபோகஸ் சோதனையும் செய்தேன். பலர் ஒரு ஸ்கேலைச் சாய்த்து வைத்து அதன் மேலேயே ஃபோகஸ் செய்கிறார்கள். அது தப்பு. ஃபோகஸ் சென்சார், வியூஃபைண்டரில் தெரியும் சின்னக் கட்டத்தை விடப் பெரியது. சாய்ந்த ஸ்கேலில் எந்தக் கோட்டைப் பிடித்தது என்று நமக்குத் தெரியவே தெரியாது. லென்ஸுக்கு நேராக ஒரு தட்டை அட்டையை நிறுத்தி, ஸ்கேலை அதற்குப் பக்கத்தில் சாய்க்க வேண்டும். ஒவ்வொரு முறையும் ஃபோகஸைக் கலைத்துவிட்டு, வியூஃபைண்டர் வழியே பத்து, பின்திரையில் பார்த்து எடுக்கும் லைவ் வியூவில் பத்து என்று எடுத்தேன். லைவ் வியூ படம் விழும் சென்சாரிலேயே பார்த்து ஃபோகஸ் செய்கிறது, வியூஃபைண்டர் வழி கேமராவுக்குள் அடிப்பக்கம் இருக்கும் தனிச் சென்சாரை நம்புகிறது. இரண்டுக்கும் நிலையான வித்தியாசம் இருந்தால் அது பாடிக்கும் லென்ஸுக்கும் ஒத்துப்போகாத கணக்கு, கேமரா மெனுவிலேயே திருத்திக்கொள்ளலாம். இங்கே அப்படி எதுவும் இல்லை. பத்தும் பத்தும் ஏறக்குறைய ஒரே இடத்தில் விழுந்தன.

ஆக சர்வீஸ் சென்டர் சொன்னது சரி. ஃபைலை மூடிவிடலாம் என்றுதான் நினைத்தேன்.

அவர் சொல்லாத குறை

மூடுவதற்குள் ஹார்டு டிஸ்க்கில் மற்ற படங்களையும் மேய்ந்தேன். 'மோசம்' ஃபோல்டருக்கு வெளியே, தம்பி நல்ல படம் என்று ஒதுக்கியிருந்த மேடை குரூப் போட்டோக்கள். 24 மி.மீ.இல், ஃபிளாஷ் போட்டு, அப்பர்ச்சர் 4இல் எடுத்தவை. இடது ஓரத்து மாமாவின் சட்டைப் பொத்தான் தெளிவு. வலது ஓரத்து அத்தையின் முகம் ஈரத் துணியால் துடைத்த மாதிரி. சரி, அத்தை அசைந்திருப்பார். அடுத்த படத்தில் வேறு அத்தை, அதே ஓரம், அதே துடைப்பு. இன்னொரு கல்யாணத்திலும் அதே. பின்னால் இருந்த சீரியல் லைட்டுகள் இடது பக்கம் புள்ளிகள், வலது பக்கம் கமாக்கள். வால் எல்லாம் ஒரே பக்கம்.

இது அலையவில்லை. ஆள் மாறினாலும் மண்டபம் மாறினாலும் இடம் மாறவில்லை.

அப்புறம்தான் லென்ஸை எடுத்து டார்ச் அடித்துப் பார்த்தேன். உள்ளே தூசி இருந்தது. தூசி ஒரு பொருட்டே இல்லை, அதற்குப் பயந்து லென்ஸைத் திறக்கச் சொல்பவர்களை நான் திருப்பி அனுப்பிவிடுவேன். ஃபங்கஸ் இல்லை, படலம் இல்லை, அப்பர்ச்சர் தகடுகளில் எண்ணெய்க் கசிவு இல்லை. ஆனால் முன்னால் இருந்த யூவி ஃபில்டர் கழலவில்லை. ரப்பர் பிடி போட்டுத் திருகியும் அசையவில்லை. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தபோது வளையத்தில் அரிசி அளவுக்கு ஒரு பள்ளம் தெரிந்தது.

"விழுந்துச்சா தம்பி?"

"இல்லண்ணே."

கொஞ்ச நேரம் கழித்து, "என் கையில இருந்து விழலண்ணே. ரிசப்ஷன்ல டிரைபாடோட சாஞ்சுச்சு. பையன் தூக்கிட்டான்."

என் சுவரும் கோணல்

விழுந்த லென்ஸ் என்று தெரிந்துவிட்டது, ஓரமும் மங்கல், முடிவு கட்டிவிடலாம். ஆனால் விழுந்தது என்ற ஒன்றை வைத்தே பழியைப் போட்டுவிட முடியாது. பட்டறையின் பின்சுவரில் செய்தித்தாளின் வரி விளம்பரப் பக்கங்களை வரிசையாக ஒட்டி வைத்திருக்கிறேன். டிரைபாடில் கேமராவை வைத்து, இரண்டு நொடி டைமரில் 24இல் எடுத்தேன். வலது பக்கம் எழுத்துகள் கலங்கின. எதிர்பார்த்ததுதான். வழக்கப்படி என்னுடைய நல்ல 50 மி.மீ. லென்ஸை மாட்டியும் எடுத்தேன். அதிலும் வலது பக்கம் இலேசாகக் கலங்கியது!

பாடி கோணலா, லென்ஸா, நானா? ஒரு சின்னக் கண்ணாடியைச் சுவரில் ஒட்டி வியூஃபைண்டரில் பார்த்தேன். கேமரா சுவருக்கு நேராக இருந்தால், கண்ணாடியில் தெரியும் லென்ஸின் பிம்பம் படத்தின் நடுவில் இருக்க வேண்டும். நன்றாகவே விலகியிருந்தது. டிரைபாட் தலையை நான் சாய்வாகப் பூட்டியிருந்திருக்கிறேன். சோதிப்பவன் செய்த தப்பை லென்ஸின் கணக்கில் எழுத இருந்தேன்.

இந்தத் தொழிலில் இருக்கும் எவரும் ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கியின் கதையைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது. 1990 ஏப்ரல் 24இல் ஏவினார்கள். மே மாதம் முதல் படம் வந்தபோது நட்சத்திரங்கள் கூராக விழவில்லை. ஃபோகஸ் இன்னும் சரியாக அமையவில்லை என்றுதான் முதலில் பார்த்தார்கள். இரண்டாம் கண்ணாடியை முன்னும் பின்னும் நகர்த்தியும் ஒளிவட்டம் போகவில்லை. எந்த இடத்தில் வைத்தாலும் அதே மாதிரிக் கலங்கியதுதான் காட்டிக்கொடுத்தது. ஜூன் 27இல் நாசா வெளியே சொன்னது: 2.4 மீட்டர் முதன்மைக் கண்ணாடியே தப்பான வடிவத்தில் தேய்க்கப்பட்டிருக்கிறது, ஓரத்தில் சுமார் 2.2 மைக்ரான் அதிகத் தட்டை. காரணம்தான் கவனிக்க வேண்டியது. கண்ணாடியைத் தேய்த்தவர்கள் அசட்டையாகத் தேய்க்கவில்லை. வடிவத்தை அளக்கும் கருவிக்குள் ஒரு லென்ஸ் 1.3 மில்லிமீட்டர் இடம் தப்பிப் பொருத்தப்பட்டிருந்தது. அந்தத் தப்பான அளவுக்கு மிகத் துல்லியமாகத் தேய்த்தார்கள். வேறு இரண்டு கருவிகள் ஏதோ சரியில்லை என்று காட்டியும், அவை அத்தனை துல்லியம் இல்லாதவை என்று ஒதுக்கிவிட்டார்கள். 1993 டிசம்பரில் விண்வெளி வீரர்கள் போய்த் திருத்தும் ஒளியியலைப் பொருத்திய பிறகுதான் படம் தெளிந்தது. என் பட்டறையில் போனது ஒரு மதியம் மட்டும்.

சுவரை விட்டுவிட்டு மொட்டை மாடிக்குப் போனேன். அங்கிருந்து மலைக்கோட்டை உச்சிப் பிள்ளையார் கோயில் தெரியும். தூரத்துப் பொருள் ஒன்றை வைத்துச் சோதித்தால் சுவரின் கோணல் பிரச்சினையே வராது. கோயிலை நடுவில் வைத்து லைவ் வியூவில் பெரிதாக்கி ஃபோகஸ் செய்து, வளையம் நகராமல் டேப் ஒட்டினேன். பிறகு அதே கோயிலைப் படத்தின் இடது ஓரம், வலது ஓரம், மேல், கீழ் என்று நகர்த்தி நகர்த்தி எடுத்தேன். பொருள் ஒன்று, தூரம் ஒன்று, மாறுவது லென்ஸின் எந்தப் பகுதி வழியாக அது வருகிறது என்பது மட்டும். 24இல் 2.8 வைத்தபோது இடது ஓரத்தில் கோயிலின் தூண்களை எண்ண முடிந்தது. வலது ஓரத்தில் தூண்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. 5.6இல் கொஞ்சம் பிரிந்தன, 8இல் ஏறக்குறைய சரி. 35இல் பாதிக் குறை. 70இல் நான்கு ஓரமும் ஒன்று போலவே. ஜாப் கார்டோடு வந்திருந்த சோதனைப் படமும் 70இல் எடுத்ததுதான், அதிலும் நடுப்பகுதி மட்டும்.

கேமராவைத் தலைகீழாகத் திருப்பி, ஆட்டோ ரொட்டேட்டை அணைத்துவிட்டு மறுபடி எடுத்தேன். குறை ஃபைலின் வலது பக்கத்திலேயே நின்றது, அதாவது வெளியே இருக்கும் எதனோடும் சம்பந்தமில்லை. என்னுடைய பாடியில் மாட்டினாலும் அதே. அவருடைய பாடியில் என் 50 போட்டால், இந்த முறை எல்லா ஓரமும் சுத்தம். இனி லென்ஸைத் தவிர வேறு யாரும் மிச்சமில்லை.

கடைசியாக ஒன்று. வலது ஓரத்துக் கோயிலிலேயே ஃபோகஸ் செய்து பார்த்தேன். வலது பக்கம் நன்றாகத் தேறிவிட்டது, இடது பக்கம் விழுந்துவிட்டது. இது நல்ல செய்தி. எப்படி ஃபோகஸ் செய்தாலும் அந்த ஓரம் தேறவே இல்லை என்றால் கண்ணாடியே நகர்ந்தோ உடைந்தோ போயிருக்கலாம். ஒரு பக்கம் தேறி மறுபக்கம் விழுகிறது என்றால் உள்ளே ஏதோ சாய்ந்திருக்கிறது. நான்கு ஓரமும் ஒன்றுபோல விழுந்து, ஒன்றுபோலத் தேறினால் அது பழுதே இல்லை, அந்த லென்ஸின் வடிவமைப்பே அப்படி. அதற்காகச் சண்டைக்கு வருகிறவர்களும் உண்டு. 2.8இல் வெள்ளி நகை ஓரத்தில் ஊதா நிறம் கசிவதற்கும், 22இல் படம் மொத்தமாக மழுங்குவதற்கும், ஜூம் செய்தால் ஃபோகஸ் நகர்வதற்கும் வருகிறார்கள். இதில் எதற்கும் ஸ்க்ரூ டிரைவர் எடுக்க வேண்டியதில்லை.

திறந்தபோது

முன் எலிமென்ட் தொகுதியைத் தாங்கும் மூன்று ரோலர்களில் ஒன்றின் நைலான் காலர் விரிசல் விட்டுப் பாதி உதிர்ந்திருந்தது. மிளகை விடச் சின்னத் துண்டு. ஜூமைத் திருப்பும்போது இந்த ரோலர்கள்தான் உலோகக் குழலில் வெட்டிய பள்ளத்துக்குள் ஓடித் தொகுதியை முன்னும் பின்னும் கொண்டுபோகின்றன. ஒரு காலர் போனதும் அந்தப் பக்கம் தளர்ந்து தொகுதி சாய்ந்திருக்கிறது. 70இல் தெரியாமல் 24இல் காட்டிக்கொடுத்ததற்குக் காரணம், அந்த நிலையில் இந்தத் தொகுதியின் சாய்வுக்குப் படம் அதிகமாகக் கூச்சப்படுகிறது.

பழைய உதிரி லென்ஸ் ஒன்றிலிருந்து காலர்களை எடுத்து மூன்றையும் மாற்றினேன். மறுபடி மாடி, மறுபடி பிள்ளையார். 24இல் 2.8 வைத்தால் வலது ஓரம் இப்போதும் இடதை விட ஒரு நூல் குறைவுதான். 4இல் வித்தியாசம் தெரியவில்லை. இதற்கு மேல் கொண்டுவர ஒளியியல் மேசை வேண்டும், என்னிடம் இல்லை என்று சொல்லிவிட்டேன்.

கேமராவில் ஐஎஸ்ஓ உச்சத்தை 6400 ஆக்கினேன். ஆட்டோ ஐஎஸ்ஓ மெனுவில் குறைந்தபட்ச ஷட்டர் 1/200 என்று கட்டினேன். ஃபோகஸை ஒற்றைப் புள்ளிக்கு மாற்றினேன். இதற்குக் கூலி வாங்கவில்லை, ஆனால் தம்பிக்கு இதுதான் கசந்தது. காலர் உடைந்ததைக் காட்டியபோது முகத்தில் ஒரு நிம்மதி, 'பார்த்தீங்களாண்ணே' என்பது போல. "இது குரூப் போட்டோவுக்குத்தான் தம்பி. முகம் மங்கினதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல" என்று இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது.

ஐப்பசியில் ஒரு கல்யாணம் முடித்துவிட்டு வந்தார். குரூப் போட்டோக்களில் வலது ஓரத்து அத்தைகள் எல்லாரும் தெளிவாக இருந்தார்கள். முகங்களும் பெரும்பாலும் தேறியிருந்தன. தாலி கட்டும் நேரத்துப் படங்களில் நாலைந்தில் மட்டும் கண் மங்கி மாலை கூர்மையாக இருந்தது. மெனுவைப் பார்த்தேன், ஃபோகஸ் மறுபடி ஆட்டோ ஏரியாவுக்குப் போயிருந்தது. அவசரத்தில் புள்ளியை நகர்த்த வரவில்லை என்றார். ஃபில்டர் வளையத்தின் பள்ளத்தை எடுத்துத் தரவா என்று கேட்டேன். விற்கும்போது எடுத்துக்கலாம் என்றார். விற்கும்போது பள்ளம் அப்படியே இருக்கட்டும், வாங்குகிறவரிடம் லென்ஸ் திறக்கப்பட்டது என்று சொல்லி, கோயில் படம் நாலையும் காட்டச் சொன்னேன். பென் டிரைவில் வாங்கிக்கொண்டு போனார்.